குன்னூர் பனியில் பாய்மரப் போர்க்கப்பலுக்கு நூல் கட்டுவது எப்படி?

கேட்டவர் குன்னூர்க்காரர். 1/700 அளவில் 74 பீரங்கிக் கப்பல் இரண்டு வாங்கியிருக்கிறார், பிளாஸ்டிக் கிட். 1782-83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் நம் கரையோரத்திலும் இலங்கைக்குக் கிழக்கேயும் ஐந்து முறை மோதினார்களே, அந்தச் சண்டைகளின் இரண்டு கொடிக்கப்பல்களாக, அதாவது தளபதிகள் ஏறியிருந்த கப்பல்களாக, அவற்றைச் செய்ய ஆசைப்படுகிறார்: ஒன்று பிரெஞ்சு ‘எரோ’, இன்னொன்று ஆங்கில ‘சூப்பர்ப்’. ஐப்பசியில் தொடங்கியிருக்கிறார். கப்பல் பக்கவாட்டின் மஞ்சள் பட்டை திட்டுத்திட்டாக வந்தது. மேலே அடித்த மேட் வார்னிஷ் வெள்ளை பூத்தது. சூப்பர் குளூ பட்ட இடமெல்லாம் திருநீறு பூசியதுபோல் ஆனது. சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய மீன்பிடி நைலான் நூல் மறுநாள் காலையில் கொடிக்கயிறு மாதிரித் தொங்கியது. “நான் எங்கே தப்பு செய்கிறேன்?” என்று கேட்கிறார்.

இந்த நான்கில் மூன்று உங்கள் கைத்தப்பு இல்லை, காற்றில் இருக்கும் தண்ணீர் செய்தது. மஞ்சள் மட்டும்தான் கைவேலை சம்பந்தப்பட்டது. அதுவும் வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

ஐப்பசி அடைமழையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. இந்த இரண்டு ஊருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கொடைக்கானலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதே கதைதான். ஊட்டி, கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மோசம். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப்போகும். காற்று ஈரமாக இருந்தால் அந்தச் சில்லிப்பில் நீர் படியும், வார்னிஷ் அதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளைப் பூப்பு அதுதான். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி மேசைமேல் வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள், பிரஷ்ஷால் பூசும் ப்ரைமரும் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) வார்னிஷும் போதும். பூத்துப்போன வார்னிஷைச் சுரண்ட வேண்டாம். வெயில் அடிக்கும் ஒரு நாளில் அதன்மேல் பளபள வார்னிஷ் ஒரு கை மெல்லியதாகப் பூசுங்கள். பெரும்பாலும் வெள்ளை கரைந்து நிறம் திரும்பும். நன்றாகக் காய்ந்ததும் மறுபடி மேட் பூசிக்கொள்ளலாம்.

ஈரம் ஒரு பக்கம், குளிர் இன்னொரு பக்கம். அக்ரிலிக் பெயின்டு 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. காய்ந்ததுபோல் தெரியும், நகம் பட்டால் மாவாக உதிரும். ஆகவே டிசம்பர், ஜனவரி மாதங்களில் காலை பத்து முதல் மூன்று மணி வரைதான் பெயின்டு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் செய்தே ஆகவேண்டுமென்றால் பழைய 60 வாட் குண்டு பல்பை ஓர் அடி தள்ளி எரியவிட்டால் போதும். இன்னும் கிட்டே கொண்டுபோனால் பிளாஸ்டிக் பாய்மரம் வளைந்துவிடும். அறையைச் சூடாக்கக் கரியடுப்பைக் கொண்டுவந்து கதவைச் சாத்தும் பழக்கம் மலையில் உண்டு. வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும், ஸ்ப்ரேயும் தின்னரும் தீப்பிடிக்கும்.

சூப்பர் குளூ, அதாவது ஃபெவிக்விக் வகைப் பசை, இறுகுவதே ஈரத்தால்தான். ஒரு துளி கூடுதலாக வைத்தால் மிச்சப் பசை ஆவியாகி, ஈரக்காற்றில் இறுகி, வெள்ளைத் தூளாகச் சுற்றிலும் விழுகிறது. பனிக்குப் பயந்து கப்பலை உடனே டப்பாவில் போட்டு மூடினால் இன்னும் மோசம், ஆவி வெளியே போக வழியில்லாமல் கப்பல் மேலேயே படியும். பசையை நேரடியாகக் குழாயிலிருந்து வைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு எடுத்து வையுங்கள். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு அரை மணி நேரம் திறந்தே வையுங்கள். நூல் இழுவிசையோடு பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்துக்கு மட்டும்தான் இந்தப் பசை. நூலும் நூலும் முடிச்சாகும் இடத்துக்கு அக்ரிலிக் மேட் வார்னிஷே போதும்: பூக்காது, பளபளக்காது, தப்பாகிப்போனால் பிரித்துக் கட்டலாம்.

அடுத்தது நூல். உங்கள் கேள்வியில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். நைலான் தண்ணீர் குடிக்கும் நூல். ஈரம் ஏறினால் நீளும், அதனால்தான் காலையில் தொய்ந்தது. மத்தியானம் வெயில் வந்ததும் அது ஓரளவு திரும்ப விறைத்திருக்குமே, கவனித்தீர்களா? முறுக்கிய பருத்தி நூல் இதற்கு நேர் எதிர். இழைகள் ஈரத்தில் பருத்து முறுக்கு இறுகுவதால் நூல் குட்டையாகும், பாய்மரத்தைப் பிடித்து இழுக்கும். குன்னூர் மழையில் பருத்தி நூலை விறைப்பாகக் கட்டி, பிப்ரவரியில் மேட்டுப்பாளையம் இறக்கிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் அத்தனையும் தொய்ந்து நிற்கும். இரண்டுக்கும் இடையில் பாலியஸ்டர்தான் ஒழுங்கான பிள்ளை. சாதாரணக் காற்றில் அது பிடிக்கும் ஈரம் தன் எடையில் 0.4 சதவீதம் அளவுதான். நைலான் 4 சதவீதம், பருத்தி 7-8 சதவீதம். தையல் கடைப் பாலியஸ்டர் நூலிலேயே மிக மெல்லியதாகக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு மெல்லியது? 74 பீரங்கிக் கப்பலில் மிகத் தடித்த ஸ்டே கயிறு, அதாவது பாய்மரத்தை முன்பக்கமாகப் பிடிக்கும் கயிறு, ஏறத்தாழ ஒரு முழச் சுற்றளவு. அப்படியானால் விட்டம் 14 செ.மீ. பக்கம், 1/700இல் 0.2 மி.மீ. தையல் நூல் கிட்டத்தட்ட இந்தத் தடிமன்தான். ஆக, தையல் நூல் அந்தக் கப்பலின் மிகத் தடித்த கயிற்றுக்கு மட்டுமே சரியான அளவு. மற்றவை எல்லாம் அதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். பக்கக் கயிறுகளான ஷ்ரவுட் 0.1 மி.மீ., இழுத்து விடும் ஓடுகயிறுகள் அதில் பாதி. இதற்கு ஏற்றது டிரவுட் மீனுக்குச் செயற்கை ஈ கட்டும் மெல்லிய நூல், 70 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) என்று விற்பது. அவலாஞ்சியில் நூறு வருஷத்துக்கு மேலாக டிரவுட் பண்ணை இருக்கும் மாவட்டம் நம்முடையது. ஆனாலும் இந்த நூலுக்கு ஆன்லைனைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதிலும் நைலான், பாலியஸ்டர் இரண்டும் வருகின்றன. பாலியஸ்டர் என்று பார்த்து வாங்குங்கள்.

தையல் நூலில் பஞ்சு மயிர் நிற்கும். படம் எடுத்தால் கயிறெல்லாம் கம்பளிப்பூச்சியாகத் தெரியும். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலிடுக்கில் அழுத்தி உருவினால் படிந்துவிடும். கோத்தகிரி, குன்னூரில் மலைத்தேன் விற்கும் கடைகளில் மெழுகும் கிடைக்கும். ஆனால் மெழுகு ஏறிய நூலில் பெயின்டும் பசையும் சரியாகப் பிடிக்காது. முதலில் நிறம், பிறகு மெழுகு, பசை வைக்கும் நுனியில் மட்டும் மெழுகு வேண்டாம். நிறத்தில் குழப்பமே இல்லை: அசையாமல் நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசியிருப்பார்கள், அவை கறுப்பு அல்லது கருங்கபிலம். இழுத்து விடும் கயிறுகள் சணல் நிறம், வெளிறிய பழுப்பு. இந்த இரண்டு நிறம் இருந்தாலே பாதிக் கப்பல் உயிர் பெற்றுவிடும்.

இப்போது பெயின்டு. பாய்மரங்களை ஒட்டுவதற்கு முன்பே உடல் முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்டு தோலாக உரியும். ப்ரைமருக்குப் பிறகு உங்கள் மஞ்சள். காவி மஞ்சள் நிறமி ஒளி புகும் தன்மையுள்ளது, கறுப்பின் மேல் மூன்று கை பூசினாலும் அடியிலிருந்து பச்சை கலந்த அழுக்கு எட்டிப் பார்க்கும். எனவே வரிசையைத் திருப்புங்கள். பக்கவாட்டு முழுவதும் முதலில் வெளிறிய பழுப்பு ஒரு கை, அதன்மேல் மஞ்சள் இரண்டு மெல்லிய கை, கடைசியாகக் கறுப்பு. கறுப்பு ஒரே கையில் மூடும். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கே போதும்: யெல்லோ ஓக்கர் மூன்று பங்கு, டைட்டானியம் ஒயிட் ஒரு பங்கு, பர்ன்ட் சியன்னா ஊசிமுனை அளவு. பாலாடை பதத்துக்குத் தண்ணீர். இந்த வகை அக்ரிலிக் கொஞ்சம் பளபளக்கும், கடைசி மேட் வார்னிஷில் அடங்கிவிடும். நேர்கோட்டுக்கு டேப் ஒட்டாதீர்கள். பீரங்கிக் கதவுகளின் மேடுபள்ளத்தில் பெயின்டு அடியில் ஊர்ந்துவிடும். பக்கவாட்டில் அச்சிலேயே புடைத்த பட்டைகள் இருக்கும், பிரஷ்ஷைப் படுக்கவைத்து அதன் விளிம்பில் இழுத்தால் கோடு தானே நேராகும்.

ஒரு முக்கியமான விஷயம். பெட்டிப் படத்தில் இருப்பது மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வரும் சதுரங்கக் கட்டம். அது ஆங்கிலத் தளபதி நெல்சன் காலத்து வழக்கம். 1805 அக்டோபர் 21இல் நடந்த டிரஃபால்கர் கடற்போருக்குப் பிறகுதான் ஆங்கிலக் கடற்படையில் பரவியது. உங்கள் கப்பல்கள் அதற்கு 23 வருஷம் முந்தியவை. நீர்மட்டத்துக்கு மேலே அகலமான ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேல் ஒரே காவி மஞ்சள் அல்லது வார்னிஷ் பூசிய மர நிறம், மேல்விளிம்பில் கறுப்போ நீலமோ. பீரங்கிக் கதவின் வெளிப்பக்கம் சுற்றியுள்ள நிறமேதான், திறந்த கதவின் உட்பக்கம் சிவப்பு. தளத்தின் உட்சுவரும் சிவப்பு. ரத்தம் தெரியாமலிருக்கச் சிவப்பு அடித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. செங்காவி மலிவான நிறமி, அவ்வளவுதான். பின்புறச் சன்னல் வரிசையில் தங்க நிறத்தை அள்ளிப் பூசாதீர்கள், மஞ்சளால் சட்டம் வரைந்து இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தங்கம் தொட்டால் நகை போட்டதுபோல் இருக்கும்.

நெல்சனின் கொடிக்கப்பலான ‘விக்டரி’ செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த எலுமிச்சை மஞ்சளை மறந்துவிடுங்கள். போர்ட்ஸ்மத்தில் இருக்கும் அசல் கப்பலின் பழைய பெயின்டு அடுக்குகளை ஆராய்ந்து, 2015இல் இளஞ்சிவப்பு கலந்த வெளிர்நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொன்று: டிரஃபால்கரில் எதிரிகளின் பாய்மர வளையங்கள் கறுப்பு என்பதால், புகையில் அடையாளம் தெரிய, தன் கப்பல்களின் வளையங்களை மஞ்சளாக்கச் சொன்னார் நெல்சன். கறுப்பு வளையம் போட்ட ‘விக்டரி’ நிறைய மேசைகளில் நிற்கிறது.

தளத்துக்குச் செம்பழுப்பு அடிப்பது பரவலான தப்பு. உப்பும் வெயிலும் தின்ற பலகை வெளிறிச் சாம்பல் தட்டும், தேக்காக இருந்தாலும் அப்படித்தான். மலபார் தேக்கில் பம்பாயில் கட்டிய ‘ட்ரிங்கோமலி’ 1817இல் தண்ணீரில் இறங்கியது, இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. நாடுகாணி இறங்கினால் மலபார் தேக்குக் காட்டையே பார்க்கலாம். எண்ணெய் காணாத பழைய தேக்கு நாற்காலி மழையில் கிடந்து என்ன நிறமாகிறதோ, அதுதான் தளத்தின் நிறம். மணல் நிறத்தில் அடிப்பூச்சு, நீர்த்த கபிலத்தை ஓடவிட்டு இடுக்குகளில் தங்கவிடுங்கள், காய்ந்தபின் எலும்பு நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். பத்து நிமிஷ வேலை.

பாய் வெள்ளை இல்லை, கோரா துணி நிறம். வெளிறிய சந்தன நிறத்தில் தொடங்குங்கள். ஒரு பங்கு பழுப்புக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்து மேலே விடும்போது பாயைத் தட்டையாகப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் உப்பலின் அடியில் குளம் கட்டி, காய்ந்ததும் தேநீர்க் கறைபோல் வளையம் நிற்கும். தேங்கினால் உலர்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். பாய்த்துணியின் அகலம் அப்போது இரண்டு அடி. 1/700இல் அது 0.9 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கூர்சீவிய பென்சிலால் மேலிருந்து கீழே அந்த இடைவெளியில் கோடு இழுத்தால் தையல் தெரியும். பேனா வேண்டாம், கறுப்புக் கோடு சிறைக்கம்பியாகத் தெரியும்.

இனி ரிக்கிங், அதாவது கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. நூலைத் தொடும் முன்பு, ஏன், ப்ரைமருக்கும் முன்பு, துளை போட்டுவிடுங்கள். கையால் திருகும் குட்டி டிரில்லில் 0.4 மி.மீ. பிட். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் போஸ்பிரிட்டில் மூன்று, ஒவ்வொரு பாய்மரத்தின் அடியிலும் ஒன்று, பின்பக்க விளிம்பில் இருபுறமும் இரண்டிரண்டு. பெயின்டு முடிந்தபின் துளை போடப் போனால் பிட் வழுக்கி மஞ்சளைக் கீறும். பாய்மரங்களை அரால்டைட் போன்ற இருகலவைப் பசையில் நட்டு ஒரு முழு நாள் விடுங்கள். குளிரில் அது பெட்டியில் போட்ட நேரத்தைவிட மெதுவாகத்தான் இறுகும். முன்மரம் கிட்டத்தட்ட நேர், நடுமரம் துளி பின்சாய்வு, பின்மரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். மூன்றையும் பக்கவாட்டிலிருந்தும் முன்னிருந்தும் பாருங்கள், கோணல் இப்போது தெரியாவிட்டால் நூல் கட்டியபின் பளிச்சென்று தெரியும். பாய் தொங்கும் குறுக்குமரங்களை, நம் தோணிக்காரர் சொல்லில் பருமல்களை, மூன்று மரத்திலும் ஒரே கோணத்தில் திருப்பி ஒட்டுங்கள். ஒரு கப்பலுக்கு ஒரே காற்றுதான்.

ஷ்ரவுட் என்பது பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் கயிற்று வரிசை. அதில் குறுக்கே படிபோல் கட்டியிருப்பது ராட்லைன். கிட்டில் வரும் அச்சு ஏணி பிடித்திருந்தால் அதையே வையுங்கள், குறையொன்றும் இல்லை. சொந்தமாகச் செய்ய ஒரு வழி. கல்யாணப் பத்திரிகை அட்டைகளைப் பசை போட்டு 3 மி.மீ. தடிமனுக்கு அடுக்குங்கள். நடுவில் 40 மி.மீ. உயரம், 20 மி.மீ. அகலத்தில் சன்னல் வெட்டுங்கள். கீழ்விளிம்பில் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கீறல், மேல்விளிம்பில் நடுவில் ஒரே கீறல், இரு ஓரங்களிலும் 1 மி.மீ.க்கு ஒரு கீறல். ஒரே நூலை மேல்கீறலில் தொடங்கிக் கீழே முதல் கீறலுக்கு இழுத்து, பின்பக்கமாக ஏற்றி மறுபடி மேல்கீறலுக்கு, பிறகு கீழே இரண்டாம் கீறலுக்கு என்று ஆறு சுற்று. பிறகு இன்னும் மெல்லிய நூலைக் குறுக்கே சுற்றுங்கள். அட்டையின் முன்பக்கம் ஒரு ஷ்ரவுட், பின்பக்கம் ஒன்று, கப்பலின் இரு பக்கத்துக்கும் ஒரே சுற்றில் கிடைத்துவிடும். மேட் வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் தடவி, கட்டங்களுக்குள் படலம் கட்டினால் ஊதி உடையுங்கள். ஓர் இரவு காயட்டும். அசலில் படிகளின் இடைவெளி ஓர் அடிக்குச் சற்று மேல், அதாவது அரை மி.மீ.தான் வரும். 1 மி.மீ. வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. அரை மி.மீ.க்கு ஆசைப்பட்டால் வலைக்குப் பதில் துணிதான் கிடைக்கும்.

வெட்டி எடுத்ததை வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஷ்ரவுட் வரிசை பாய்மரத்துக்கு இரு புறமும் சமமாக விரியாது. முதல் கயிறு மரத்துக்கு நேர் பக்கத்தில், மீதி எல்லாம் அதற்குப் பின்னால். அப்போதுதான் அது பக்கவாட்டிலும் பின்புறமும் சேர்த்து இழுக்கும். பருமல் திரும்பவும் முன்னால் இடம் இருக்கும். நடுவில் வைத்து ஒட்டிய கூடாரம்போன்ற ஷ்ரவுட்டைப் பார்த்தாலே, செய்தவர் கப்பலை முக்கோணமாக மட்டும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

மூன்று மரத்துக்கும் இரு பக்கமுமாக ஷ்ரவுட் வரிசை ஆறும் ஏறியபின் ஸ்டே. ஒவ்வொரு பாய்மரத்தின் தலையிலிருந்தும் முன்பக்கமாகச் சரிந்து, முந்தைய மரத்தின் அடிக்கோ இடைக்கோ, முன்மரத்திலிருந்து போஸ்பிரிட்டுக்கோ போகும் கயிறு. கீழிருந்து மேலே, உள்ளிருந்து வெளியே என்பதுதான் விதி. கட்டிமுடித்த நூலுக்கு இடையில் ட்வீசரை விடும் நிலை வந்தாலே வரிசை தப்பிவிட்டது என்று பொருள். கீழ் ஸ்டே மூன்று, நடு ஸ்டே மூன்று, மேல் ஸ்டே மூன்று, ஆக ஒன்பது. ஒவ்வொரு மேல் ஸ்டேவும் மரநுனியை முன்னால் வளைக்கும். அதனால் ஒரு ஸ்டே கட்டியதும் அதே உயரத்திலிருந்து கப்பலின் இரு விளிம்புக்கும் இறங்கும் பேக்ஸ்டே இரண்டையும் கட்டிச் சமன் செய்யுங்கள். ஒன்பது ஸ்டேவையும் கட்டி முடித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மூன்று மரமும் கும்பிடு போடும்.

முடிச்சு போடும் முறை: நூல் நுனியில் 1 செ.மீ. நீளத்துக்குச் சூப்பர் குளூ தடவி, காய்ந்ததும் சாய்வாக நறுக்கினால் அதுவே ஊசி. துளைக்குள் எளிதாக நுழையும். ஒரு முனையை ஒட்டி முழுதாகக் காயவிட்டு, மறுமுனையை மரத்தில் ஒருமுறை சுற்றி, மிச்சத்தில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிடுங்கள். இழுவிசையை உங்கள் விரல் தீர்மானித்தால் ஒவ்வொரு நூலும் ஒரு விதம். கிளிப்பின் எடை தீர்மானித்தால் எல்லாம் ஒரே விதம். பெரிய கிளிப் வேண்டாம், 1/700 மரத்தின் மேல்நுனி குச்சி ஐஸ் குச்சியைவிட மெல்லியது. சுற்றிய இடத்தில் வார்னிஷ் தொட்டு, காய்ந்தபின் புதுப் பிளேடால் மிச்சத்தை வெட்டுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, இழுக்கும். அந்த ஓர் இழுப்பில் மரம் போய்விடும்.

கடைசியில் பிரேஸ்: பருமலின் இரு நுனியிலிருந்தும் அதைத் திருப்ப இழுக்கும் கயிறு, சணல் நிறம். எல்லாவற்றையும் பின்னோக்கி இழுத்துவிடுகிறார்கள், அது தப்பு. முன்மரத்துப் பிரேஸ்கள் பின்னால் நடுமரத்தின் பக்கம் போகும். நடுமரத்தின் கீழ்ப் பிரேஸ்கள் கப்பலின் பின்விளிம்புக்கு, மேல்பாய்ப் பிரேஸ்கள் பின்மரத்துக்கு. பின்மரத்துப் பிரேஸ்கள் மட்டும் முன்னோக்கி, நடுமரத்துக்கு வரும். பின்மரத்துக்குப் பின்னால் கட்டிவைக்க எதுவும் இல்லையே, யோசித்தால் அதுவே புரியும். ஒரு கப்பலுக்குச் ஷ்ரவுட் தவிர 30 முதல் 40 நூல், கழிவோடு ஐந்தாறு மீட்டர். அதற்குமேல் போகாதீர்கள். அசல் கப்பலில் இருந்த எல்லாக் கயிற்றையும் இந்த அளவில் போட்டால் சிலந்திக்கூடுதான். 1/1200 உலோகக் கப்பலாக இருந்தால் 20 நூலோடு நிறுத்திவிடுவதே அழகு.

கொடி. பஸ்ஸில் கட்டிய கொடி பின்னால் பறக்கும், பாய்மரக் கப்பலில் அப்படி இல்லை. கப்பலைத் தள்ளுவதே காற்றுதான், அது பாயை எந்தப் பக்கம் உப்பவைக்கிறதோ அந்தப் பக்கம்தான் கொடியும் பறக்கும். பெரும்பாலும் சாய்வாக முன்னோக்கி. ‘சூப்பர்ப்’புக்கு ஆங்கிலக் கொடியின் மூலையில் பழைய யூனியன் சின்னம்: சிவப்புக் குறுக்குச் சாய்கோடு 1801இல்தான் சேர்ந்தது, இணையத்தில் எடுக்கும் கொடியில் அது இருந்தால் தள்ளிவிடுங்கள். ‘எரோ’வுக்கு மூவண்ணம் கிடையாது, புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சுக் கப்பற்கொடி வெறும் வெள்ளை. பார்ப்பவர் எல்லாம் “ஏன் சரணடைந்துவிட்டது?” என்று கேட்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

முடித்த கப்பலில் ஒன்றிரண்டு பாலியஸ்டர் நூல் லேசாகத் தொய்ந்திருந்தால் ஊதுபத்தி நெருப்பை 1 செ.மீ. தள்ளி ஒரு நொடி காட்டி எடுங்கள், சுருங்கி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும், பருத்தி நூலில் இது பலிக்காது. வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கீழே கொண்டுபோவதென்றால் கப்பலின் அடித்தட்டை டப்பாவின் தரையில் திருகிவிடுங்கள். பஞ்சு வைத்து அடைத்தால் மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவில் பஞ்சுதான் நூலை அறுக்கும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ஜோடியைப் பற்றி. நைலானை முழுக்க வெட்டி எறியுங்கள், பழுதுபார்க்க முயல வேண்டாம். ‘சூப்பர்ப்’பைப் புதிதாகக் கட்டுங்கள். இழுத்ததில் நடுமரம் விரிசல் விட்டது என்று எழுதியிருந்தது ‘எரோ’தானே? அதை ஒட்டவைக்க மெனக்கெடாதீர்கள். 1782 செப்டம்பர் 3இல் திருகோணமலைச் சண்டையில் ‘எரோ’ தன் நடுமரத்தை இழந்தது. விரிசல் விட்ட இடத்திலேயே ஒடித்து, முறிவில் பச்சை மரத்தின் வெளிர்நிறம் தொட்டு, மரத்தைப் பாயோடும் கயிறோடும் பக்கவாட்டில் கடலில் சாய்த்துப் போடுங்கள். அதற்குத் தொய்ந்த நூல்தான் வேண்டும்.